மூன்றாவது இழுப்பு

ஐம்பதுகளில் சூளகிரிப் பக்கம் எங்கள் காட்டில் கிணறு வெட்டினோம். அப்போது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பெரிய சண்டை வந்தது. நகைக்காகவோ மாமியாருக்காகவோ அல்ல. கயிற்றை எத்தனை முறை இழுப்பது என்பதற்காக.

பாறைக்கு வெடி வைத்துத் திரி கொளுத்துவது அவர் வேலை. கப்பியில் ஓடும் வடத்தை இழுத்து அவரை மேலே தூக்குவது நானும், தெலுங்கு பேசும் இரண்டு கூலியாட்களும். அந்த ஆழத்திலிருந்து கத்தினால் வெறும் இரைச்சல்தான் மேலே வரும். கயிறுதான் பேச்சு.

"ஒரு இழுப்பு இழுத்தா தூக்கு. அவ்ளோதான்" என்றார்.

கயிறு கல்லில் மாட்டினாலும் ஓர் அசைவு வரும். அதை நம்பி வெறுங்கயிற்றைத் தூக்கிவிட்டால் அவர் கதி என்ன? எனக்கோ வாய் சும்மா இருக்காது. "ரெண்டு இழுப்பு, கொஞ்சம் நிறுத்தி இன்னொன்னு. அப்பத்தான் தூக்குவேன். பதறாத காரியம் சிதறாதுங்க."

"திரி எரியறப்ப எண்ணிக்கினு நிக்கணுமா நானு?"

முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தே அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

அன்று அவர் இறங்கித் திரியைக் கொளுத்தியதும் புகை மேலே வந்தது. கயிறு ஒருமுறை வெடுக்கென்று அசைந்தது. முன்னால் நின்ற ஆள், "அம்மா, லாகுதாமா?" என்று இழுக்கப் போனார். "வேணாம்" என்று வடத்தை இறுக்கிப் பிடித்தேன். அது அவராகவே இருந்தால்? பிறகு இரண்டு இழுப்பு வந்தது. மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. புகைதான் வந்தது.

"லாகண்டி" என்றேன். நான் போட்ட விதியை நானே மீறினேன். மூவரும் இழுத்தோம். கயிற்றில் கனம் தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவர் கரையேறி, எல்லோரும் ஓடி வரப்புக்குப் பின்னால் படுத்ததும் கிணறு வெடித்தது.

பயமெல்லாம் எனக்குக் கோபமாக வந்தது. "மூணாவது எங்க?" என்று கேட்டேன்.

அவர் உள்ளங்கைகள் உரிந்து கிடந்தன. இடுப்பில் கயிறு கட்ட நேரமில்லாமல் கையால் தொங்கியே வந்திருக்கிறார்.

"மொதல்ல அசைஞ்சது கயிறு கை நழுவினது. அப்பவே நீ தூக்கியிருந்தா நான் இல்ல" என்றார். இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "மூணாவதுக்கு நின்னிருந்தாலும் இல்ல."

கை ஆறியபின் மறுபடி இறங்கினார். இரண்டு இழுப்பு வந்தது. தூக்கினேன்.