உள்தாழ்ப்பாள் போட்ட உலகம்

1. வரவேற்பு

பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகப் பல வருடம் இருந்துவிட்டு, கேம் தயாரிக்கும் இடத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். நானும் முதல் நாள் சிரித்துக்கொண்டுதான் போனேன். வேலம்பாளையத்தில் ஒரு பழைய குடோனுக்கு மேல்மாடி. முதலாளி திவ்யா டேப்லெட்டை நீட்டி, மனசுக்கு இதமான ஓர் இடத்தைச் சொல்லச் சொன்னார். தாராபுரத்து ஆற்றங்கரை, புளியமரம், சாயங்கால வெயில் என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் ஏஐ அதைக் கட்டி எழுப்பிவிட்டது. திரைக்குள் நான் அந்தக் கரையில் நடந்தேன். இந்த வயதில் நாற்காலியை விட்டுக் குதித்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

ஆடுகிறவர் ஒவ்வொருவருக்கும் அவருக்கென்றே ஓர் உலகம். அதற்குள் வாழும் மனிதர்களையும் ஏஐயே உண்டாக்கும். அவர்கள் எப்படிப் பழக வேண்டும் என்று ஏஐக்கு ப்ராம்ப்ட், அதாவது கட்டளை, எழுதிக் கொடுப்பது என் வேலை. கொங்கு நாட்டுக்காரனிடம் இதைக் கொடுத்தால் என்ன எழுதுவான்? வந்தவரை வாங்க என்று கூப்பிடு. சாப்பிட்டாச்சா என்று கேள். முகம் வாடினால் பக்கத்தில் போய் உட்கார். ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதே. கடைசி வரியை எழுதிவிட்டு நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

2. எஸ்தர்

ஒரு பனியன் கம்பெனியின் பெண்கள் ஹாஸ்டலில் கேமைச் சோதித்துப் பார்க்க இடம் கொடுத்தார்கள். அங்கேதான் எஸ்தரைப் பார்த்தேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், துணியின் ஓரத்தை மடித்துத் தைக்கும் ஓவர்லாக் டைலர். ஒரு வரிசைத் தையல் மெஷின்களைக் கவனிக்கும் லைன் சூப்பர்வைசர் ஆக வேண்டும் என்று தானே கேட்டுப் பயிற்சியில் சேர்ந்தவர். அதை முடிக்கும் முன்பே ஊருக்குப் போகிறேன் என்கிறார், காரணம் கேட்டால் பேசுவதில்லை என்று எச்.ஆர். மேடம் கவலைப்பட்டார். வீட்டு ஏக்கமாக இருக்கும், உங்கள் கேமை ஆடிப் பார்க்கட்டும் என்று அனுப்பிவைத்தார்.

சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எஸ்தர் ஆட, நானும் திவ்யாவும் பக்கத்திலிருந்து பார்த்தோம். கடல் வந்தது, பனைமரம் வந்தது. ஓர் அக்கா டீயோடு வந்தார். எஸ்தர் திரும்பி நடந்தார். முகம் வாடிவிட்டது என்று ஏஐ முடிவு கட்டி, ஒரு பெரியவரைச் சாப்பிட்டாச்சா என்று கேட்க அனுப்பியது. எஸ்தர் வேகமாக நடந்தார். குழந்தைகள் ஓடிவந்தார்கள். அவர் ஓடஓட ஊரே பின்னால் வந்தது. கடைசியில் பேண்டு வாத்தியமும் சேர்ந்துகொண்டது. என் ப்ராம்ப்ட் அவ்வளவு விசுவாசமாக வேலை செய்தது.

எஸ்தர் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார்.

“அண்ணாச்சி, இவங்களக் கொஞ்சம் போகச் சொல்லுங்க. ரூம்ல பத்துப் பேரு இருக்கோம். குளிக்கதுக்கு வரிசை, போன் பேசுனா பக்கத்துல நாலு பேரு. இதுலயுமா கூட்டம்?”

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. திவ்யா என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: “ஏனுங்ணா, அந்தக் கடைசி வரிய எடுத்தரலாமுங்களா?”

3. ஏ, பி, சி

எடுத்தாயிற்று. ஆனால் வேறு என்ன வேண்டும் என்று கேட்டால் எஸ்தருக்குச் சொல்லத் தெரியவில்லை. தனக்கென்று ஓர் இடத்தில் வாழ்ந்து பழக்கமில்லாதவர் எப்படிச் சொல்வார்? அப்போதுதான் என் பழைய தொழில் கைகொடுத்தது. துணி வாங்கும் வெளிநாட்டு பையரிடம் நிறத்தை வாயால் விளக்கச் சொல்ல மாட்டோம். ஏ, பி, சி என்று மூன்று ஷேடில் சாயம் போட்டு அனுப்புவோம், அவர் ஒன்றைத் தொடுவார். அதற்கு லேப் டிப் என்று பெயர். அதே மாதிரி மூன்று உலகம் போடுவோம் என்றேன். திவ்யாவுக்குக் கண் விரிந்தது.

ஏ, ஆளில்லாத கடற்கரை. பி, ஆளில்லாத தோப்பு. சி, ஒரே ஒரு அறை. எஸ்தர் சி-யைத் தொட்டார். பிறகு நிறுத்தவே முடியவில்லை. சன்னலைச் சின்னதாக்கச் சொன்னார், கட்டிலை எடுக்கச் சொன்னார், தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்க வேண்டும் என்றார். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, வெறுந்தரையில் நட்டநடுவே கையைக் காலை நீட்டிப் படுத்துவிட்டார். என் சர்வீஸில் எந்த ஆர்டர் அப்ரூவல் ஆனபோதும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

கேம் ஒன்றே அவரை ஊருக்குப் போகாமல் நிறுத்தியது என்று நான் ஜம்பம் அடிக்க மாட்டேன். அந்த அறையைப் பார்த்த எச்.ஆர். மேடம் மிச்சத் துணியில் கட்டிலுக்குக் கட்டில் திரை தைத்து மாட்டச் சொன்னார். எஸ்தர் பயிற்சியை முடித்தார். இன்று ஒரு லைன் அவர் பொறுப்பில் ஓடுகிறது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஆறுதல் தரும் உலகம் கட்டுகிறோம் என்று நம் ஆசையையெல்லாம் அதில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். ஏஐக்கு அருகில் வரக் கற்றுக்கொடுப்பது சுலபம். விலகி நிற்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

போன மாதம் ஒருவர் உலகத்துக்கு இன்னொருவர் போகும் வசதியைச் சேர்த்தோம். முதல் ஆளாக நான் போய் எஸ்தரின் கதவைத் தட்டினேன். கதவு அப்படியே இருந்தது. திரையில் ஒரு வரி வந்தது:

“வேலையா இருக்கேன் அண்ணாச்சி, பொறவு வாங்க.”

என்ன வேலை என்று எனக்குத் தெரியாதா? வெறுந்தரையில் கையைக் காலை நீட்டிப் படுக்கும் வேலைதான். சந்தோஷத்தில் எழுந்து, ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி திவ்யாவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

“அம்மிணி, தொறக்க மாட்டேன்னுட்டாங்க!”