அறுபது பேர் போதாது

புனேயில் அறக்கட்டளை ஒன்று நடத்தும் புற்றுநோய் மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் ஓர் அறை. கதவில் பலகை: 'சந்தேகம் உள்ளவர்கள் மட்டும் தட்டவும். சந்தேகமே இல்லாதவர்கள் வரவே வேண்டாம். பகல் ஒரு மணி முதல் நான்கு மணி வரை தூக்கம்; யாரும் வேண்டாம்.' உள்ளே இருப்பவர் டாக்டர் சதானந்த் கைசாஸ். இளம் மருத்துவர்களுக்கு ஆராய்ச்சி செய்யக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. பதினெட்டு ஆண்டுகளில் இருபத்துமூன்று பேரைத் தயார் செய்தார். அவர் சிவப்பு மையில் நனைந்து வந்த ஆய்வுத் திட்டத்தில் கடவுளாலும் குறை கண்டுபிடிக்க முடியாது.

அந்த வருடம் மருத்துவர் சங்கம் ஒன்று சிறந்த வழிகாட்டி விருதுக்கு அவரைத் தேர்ந்தெடுத்து ஒரு படிவம் அனுப்பியது. நிரப்ப ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி: 'தங்கள் மாணவர்கள் முடித்த ஆய்வுகளின் எண்ணிக்கை.'

ஆராய்ச்சிப் பிரிவின் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள், தாம்பே பாய், எண்ணத் தொடங்கினார். அதிக நேரம் ஆகவில்லை.

"சார், எழுதினது இருபத்துமூணு. ஆரம்பிச்சது ரெண்டு. முடிச்சது..." என்று சொல்லி, பாக்கர்வடி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

"உஜ்வலா தோராத்தோடது என்ன ஆச்சு? நல்ல யோசனையாச்சே!"

"பதினொண்ணாவது திருத்தத்துல நின்னு போச்சு. நீங்க திருத்த ஆரம்பிச்சப்ப நம்ம ஊர் மெட்ரோவுக்குக் கல்லு நட்டாங்க. இப்ப ரயிலே ஓடுது."

கைசாஸ் கோப்பைத் திறந்தார். வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குத் தாடை இறுகிவிடும். பாக்ரி ரொட்டித் துண்டுகூட உள்ளே போகாது. அதற்காக ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டிப் பழகச் சொல்வார்கள். கதிர்வீச்செல்லாம் முடிந்த பிறகுதான் சொல்வது வழக்கம். முதல் நாளே தொடங்கினால் என்ன என்று கேட்டவள் உஜ்வலா. முப்பது பேருக்கு முதல் நாளே, முப்பது பேருக்கு வழக்கம்போலப் பிறகு. ஒரு வருடத்தில் பதில் தெரிந்துவிடும் என்று எழுதியிருந்தாள்.

ஓரத்தில் சிவப்பு மை: 'அறுபது பேர் போதாது. அறுநூறு.' அறுநூறு பேருக்கு ஏழு மருத்துவமனைகள் வேண்டும். ஏழுக்கும் ஏழு அனுமதிகள். கடைசிப் பக்கத்தில்: 'மிக நன்று. இன்னும் சற்றுத் திருத்தினால் தொடங்கிவிடலாம்.' அதற்குள் அவள் சாத்தாராவுக்குப் போய்த் தனியாக மருத்துவமனை வைத்துவிட்டாள்.

மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தார். 'வருந்துகிறேன்' என்பதை 'மிகவும்' சேர்த்துத் திருத்தினார். பிறகு 'மிகவும்' என்பதற்கு ஆதாரம் போதாது என்று அடித்தார். நான்காவது தாளைத் தாம்பே பாய் பிடுங்கிக்கொண்டார்.

"போன் பண்ணுங்க. போன்ல அடிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது."

பண்ணினார்.

"உஜ்வலா, கைசாஸ் பேசறேன்."

"சார்! பன்னெண்டாவது திருத்தமா?"

"இல்லம்மா. அறுபது பேர் போதும்னு சொல்லத்தான்."

மறுமுனையில் யாரோ ஒரு நோயாளியின் பெயரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அவரை உட்காரச் சொல்லிவிட்டு அவள் பேசினாள்.

"இங்க வர்ற எல்லாரையும் முதல் நாளே குச்சியைப் பிடிக்கச் சொல்லிடறேன், சார். வெந்து போன வாயோட கண்ணுல தண்ணி வர வர அடுக்கறாங்க. அதுல பலன் இருக்கா, வீண் சித்திரவதையா, எனக்கே தெரியாது. அன்னைக்கு எண்ணிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"இப்ப ஆரம்பிக்கலாமே?"

"எப்படி சார்? பாதிப் பேருக்குச் சொல்லாம நிறுத்தி வைக்கணுமே. எனக்கு இப்ப அந்த மனசு வராது. அப்ப தெரியாதுன்னு தெரிஞ்சிருந்தது. இப்ப பலன் இருக்கும்னு நம்ப ஆரம்பிச்சுட்டேன். சந்தேகம் இல்லாதவங்க வரவே வேண்டாம்னு நீங்கதானே பலகை போட்டிருக்கீங்க?"

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் நலம் விசாரித்ததற்கு என்ன பதில் சொன்னார் என்பதும் அவர் நினைவில் இல்லை.

போனை வைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தார். காலியாக இருந்த கட்டத்தில் ஒரு பூஜ்யம் போட்டு, உறைக்குள் வைக்க மடிக்கப் போனார்.

தாம்பே பாய் எட்டிப் பார்த்தார். "பூஜ்யம் கொஞ்சம் கோணலா இருக்கு, சார்."

சிவப்புப் பேனா மேசைமேல்தான் கிடந்தது.

"இருக்கட்டும்," என்றார் கைசாஸ். "அப்படியே அனுப்புங்க."