தர்மாவின் பஸ் லைசென்ஸ்

மலேசியாவின் செமோரிலிருந்து ஈப்போ தொழிற்பேட்டைக்குத் தினமும் விடியற்காலையில் ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டுபவர் தர்மா. பிறந்தது ரப்பர் தோட்டத்தில். தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டியபோது அதிலேயே ஒரு வீடு வாங்கிக் குடியேறியவர். இத்தனை வருடத்தில் பஸ்ஸில் ஒரு கீறல்கூட விழவிட்டதில்லை என்பதில் அவருக்குப் பெருமை அதிகம்.

அங்குள்ள ஒரு தொழிற்சாலையில்தான் மனைவி பிரமிளாவுக்கும் வேலை. தர்மாவுக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து, வாய் ஓயாமல் ஏதாவது சண்டை பிடித்துக்கொண்டே வருவார்.

"அண்ணே, இந்த ரேடியோவ அடைக்கிற சுவிட்சு எங்க இருக்கு?" என்று உடன் வரும் பெண்கள் கேலி செய்வார்கள்.

"அது கல்யாணத்தன்னைக்கே ரோசாக் ஆயிருச்சுலா, வேல செய்யாது," என்பார் தர்மா.

பஸ் லைசென்ஸைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். வழக்கமான டாக்டர் முகத்தைப் பார்த்தே கையெழுத்துப் போட்டுவிடுவார். அவர் ஓய்வு பெற்றுவிட்டதால் இம்முறை லகாட் ஊரிலுள்ள டாக்டர் தக்ஷாயினியிடம் போக வேண்டியதாயிற்று. பிரமிளாவும் வலியக் கூடவே வந்தார்.

கண், ரத்த அழுத்தம் எல்லாம் சரியாக இருந்தன.

"பகலில நித்திரை வருதோ?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்ல டாக்டர்."

"குறட்டை?"

"எல்லாரையும் போல, கொஞ்சம்."

"கொஞ்சமா!" என்றார் பிரமிளா. "ஒங்க வீட்டு தண்ணி மோட்டாரு ரிப்பேரான்னு பக்கத்து வீட்டுச் சீனக்கார ஆசோ வந்து கேட்டுட்டுப் போறாங்க டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டார். பிரமிளா சிரிக்கவில்லை.

"பஸ் ஓட்டுறப்பவே இவருக்குக் கண்ணு சொக்குது. அதுக்குத்தான் பின்னாடி உக்காந்து தொண்ட வத்தப் பேசிக்கிட்டு வாரேன். அடுத்த மாசம் எனக்கு ஷிப்ட்டு மாறுது. அப்புறம் யாரு பேசுவா?"

தர்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. தினமும் காலையில் நடக்கும் சண்டை எதற்கென்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

"நித்திரையில மூச்சு அடைபடுதோ என்று ஆஸ்பத்திரியில பார்க்கவேணும். வைத்தியம் செய்துபோட்டுத் திரும்ப ஓட்டலாம். அதுவரைக்கும் நான் கையெழுத்து வைக்க ஏலாது," என்றார் டாக்டர்.

"கார் ஓட்டுறவங்கள ஒருத்தரும் கேக்கிறதில்ல. எங்களுக்கு மட்டும் ஏன் டாக்டர் இந்தக் கெடுபிடி?"

"உங்கட பஸ்ஸில எத்தனை பேர்?"

"என்னையும் சேத்து நாப்பது," என்றார் பிரமிளா.

வெளியே வந்து காரில் ஏறியதும் தர்மா வெடித்தார். "ஈப்போவுல ஒரு கிளினிக் இருக்கு. ஆளப் பாக்காமலே முத்திர குத்தி சாப் அடிச்சுக் குடுப்பான். அங்க போறேன்."

"போங்க. பஸ்ஸுல ஏறுற ஒவ்வொருத்திகிட்டயும் விஷயத்தச் சொல்லிட்டுத்தான் நான் ஏறுவேன்."

"புருசன் சோத்துல மண்ணப் போடுறியே!"

"அந்த மண்ணு சோத்தோட போகட்டும். ஒங்க மேல விழ வேணாம்."

அந்நேரம் பஸ் முதலாளி பத்துமலை போனில் அழைத்தார். "என்னா தர்மா, சாப் கெடச்சிருச்சா?"

"இல்லண்ணே. டாக்டர் குடுக்கல."

"அட, வேற கிளினிக்குக்குப் போலா! எல்லாரும் அப்படித்தான எடுக்கிறான்."

தர்மா பிரமிளாவைப் பார்த்தார். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அண்ணே," என்றார் தர்மா, குரல் இறங்கி. "ஓட்டுறப்ப எனக்குத் தூக்கம் வருது. நாளையிலேர்ந்து வேற ஆளப் போடுங்க."

"டெஸ்ட்ட முடிச்சிட்டு வா. எடத்த வெச்சிருக்க முடியுமான்னு பாக்குறேன்," என்று பத்துமலை போனை வைத்தார்.

தர்மா ஓட்டுநர் சீட்டிலிருந்து இறங்கி, பிரமிளாவின் பக்கம் வந்து கதவைத் திறந்தார்.

"ஸ்டேரிங் பக்கம் தள்ளி உக்காரு. நீயே ஓட்டு. ஆஸ்பத்திரிக்குப் போயி தேதி வாங்கிருவோம்."