சத்து மாத்திரையை நம்பினேன்

பிரசவமாகி இரண்டு மாதமாகியும் என் மனைவிக்குத் தூக்கமில்லை. குழந்தையைத் தூக்கவே பயந்தாள். புதுப்பட்டினத்தில் எங்கள் தெருவுக்குச் சத்து மாத்திரை விற்க வரும் பெண், "டாக்டராண்ட போனா பால் வத்திடும் அண்ணாத்த. இத்த குடு, மனசு தெளிஞ்சிடும்" என்றாள். வாங்கிக் கொடுத்தேன்.

டப்பா தீர்ந்த அன்று, "இன்னும் இன்னாடி அழுதுகினு கீற?" என்று கத்தினேன். மாலையில் குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கடலில் இறங்கிவிட்டாள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் இழுத்து வந்தார்கள்.

"இது பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு நோய். சத்து மாத்திரையை வச்சு எத்தனை நாள் ஓட்டினீங்க?" என்றார் செங்கல்பட்டு டாக்டர். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே அவர் தந்த மருந்தில் தேறி வருகிறாள்.

மாத்திரைக்காரி இன்னும் வருகிறாள். பிள்ளை பெற்ற வீட்டுக்குள் அவள் போனால் நானும் போகிறேன். நடந்ததைச் சொல்கிறேன், நான் கத்தியதையும் சேர்த்து.