காதில் கோளாறு இல்லை

செவித்திறன் சோதிக்கிற வேலை காதோடு முடிந்துவிடும் என்று நம்பித்தான் வில்லியனூர் கிளினிக்கில் சேர்ந்தேன். காது வெறும் வாசல்தான், கேட்பது மூளை. வீட்டில் ஒருவருக்குக் கேட்காமல் போய், கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போனவர்களுக்கு என் பாடு புரியும்.

ஆலைச் சத்தம்

கலியமூர்த்தி இரும்பு ஆலைத் தொழிலாளி. மெல்லிய சத்தங்கள் அவருக்குக் கேட்காமல் போயிருந்தன; பதிலுக்கு ஓயாத ஒரு ரீங்காரம். வராத சத்தத்துக்கு ஈடாக மூளையே ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும், ஆலை இரைச்சல்தான் மூலகாரணம் என்று சர்டிபிகேட் எழுதினேன். ஆலையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சத்தம் அவரு தலைக்குள்ளதான இருக்கு? எங்க மெஷின் மேல ஏம்மா பழி போடுற?"

நல்லவாட்டுத் தம்பதி

நல்லவாடு கிராமத்தில் மீன்பிடிக்கிற ஏழுமலைக்கு இரண்டாம் முறை பக்கவாதம் வந்து கைகால் தேறிவிட்டது. ஆனால் யார் பேசினாலும் புரியவில்லை. நடிக்கிறார் என்று மனைவி வசந்தா இழுத்து வந்தாள். சோதித்தேன், காது நன்றாக இருந்தது. எழுதிக் காட்டினால் படித்தார், பதிலும் சொன்னார். பேச்சு மட்டும் தண்ணீர் சலசலப்பது போலக் கேட்கிறதாம்.

சத்தத்தைச் சொல்லாகப் பிரித்தறியும் இடம் மூளையில் அடிபட்டிருக்கிறது, வேண்டுமென்று செய்யவில்லை என்று வசந்தாவிடம் விளக்கினேன். அவள் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"இன்ஜின் சத்தத்த வச்சே யாரு போட்டுன்னு சொல்றாரு. நான் பேசுறது மட்டும் வெறும் இரைச்சலாம்மா?"

ஜெனிஃபர்

பூரணாங்குப்பத்து அந்தோணியின் மகளுக்குப் பத்து வயது. பிறவியிலேயே கேட்காது. கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும், தானாக வரும் என்று அனுப்பிவிட்டார். இப்போது காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷனுக்காக வந்திருந்தார்கள். வைத்தாலும் பேச்சுப் புரிவது கஷ்டம் என்று சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சின்ன வயதில் சத்தமே வராவிட்டால், கேட்பதற்கான இடத்தை மூளை பார்வைக்குக் கொடுத்துவிடும் என்றேன். ஜெனிஃபர் என் உதட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தோணி அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"டாக்டர் சொன்னாருன்னு நாங்க காத்துகினு இருந்தோம்மா. மூளையும் காத்துகினு இருக்கும்னுதான் நெனச்சோம்."

வருஷா வருஷம் என் காதையும் இவர்களைச் சோதித்த அதே மெஷினில் சோதித்துக்கொள்கிறேன். ஒரு குறையும் இல்லை என்று வரும்போது ஏனோ சந்தோஷப்படத் தோன்றுவதில்லை.