இரண்டு சேர் சத்தம்

அயோத்தியாப்பட்டணத்துச் சைனீஸ் ஓட்டலில் ஃப்ரைடு ரைஸ் போடும் மாஸ்டரின் முகத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. வாசலோரத்து அடுப்பில், எப்போதும் சுவரைப் பார்த்தபடி நிற்பார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒடுங்கிய முதுகும் கழுத்தில் கிடக்கும் ஈரத் துண்டும்தான்.

அடுப்பு இரைச்சலில் யார் என்ன கேட்டாலும் அவர் காதில் விழாது. ஆனால் தரையில் இரும்புச் சேர் இழுபடும் சத்தத்தை வைத்தே வந்திருப்பது யார் என்று கண்டுபிடித்துவிடுவார். வாடிக்கையாக வருகிறவர்கள் ஆர்டர் சொல்லவே வேண்டியதில்லை.

எனக்கும், போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்த என் நண்பனுக்கும் அங்கேதான் மதியச் சாப்பாடு. வயிறு நிறையும், விலையும் உறுத்தாது. அவனுக்கு முட்டைக்கோஸ் பிடிக்காது. அவன் பிளேட்டில் மட்டும் அது இருக்காது.

அவன் இறந்து சில மாதங்கள் கழித்து, ஒரு மதியம் தனியாகப் போய் உட்கார்ந்தேன். இரண்டு பிளேட் வந்தது. ஒன்றில் கோஸ் இல்லை.

எழுந்து மாஸ்டரின் காதருகே போய்ச் சொன்னேன். "நான் மட்டும்தாங்க வந்தேன். அவன் செத்துப் போயிட்டானுங்க."

அவர் கரண்டி நிற்கவில்லை. "ரெண்டு சேர் சத்தம் கேட்டுச்சுங்களே," என்றார்.

திரும்பிப் பார்த்தேன். எதிர்ச் சேர் வெளியே இழுபட்டிருந்தது. முன்பே அப்படித்தான் கிடந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அவசரமாக விழுங்கிவிட்டு, என் சேரை உள்ளே தள்ளிக் கிளம்பினேன்.

"போயிட்டு வாங்க சாமி," என்றது அந்த முதுகு. "அவரு இன்னும் எந்திரிக்கலீங்க."