ஸ்கான் பண்ணக் கொண்டுபோன கிளினிக் கொப்பி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதுகிறவன் நான். பகல் முழுக்கத் திரையோடு கிடப்பதால், ஆள் அகப்பட்டால் விடமாட்டேன். அண்மைக் காலத்தில் நான் எல்லோரையும் பிடித்துவைத்துச் சொன்னது பரவலாக்கப்பட்ட தொழில்நுட்பத்தைப் பற்றி. ஒருவருடைய ஆவணங்களை ஒரே இடத்தில் பூட்டிவைக்காமல் பல கணினிகளில் பகிர்ந்து வைக்கவேண்டும். ஓரிடம் பழுதானாலும் மற்ற இடங்கள் காப்பாற்றும். வீடில்லாதவர்களுக்கு இதைப்போல உதவக்கூடியது வேறில்லை என்று மனைவிக்கு விளக்கினேன்.

"முதல்லை வீடு பூட்டிற திறப்பை எங்கை வைச்சனீங்கள் எண்டு தேடுங்கோ," என்றார் அவர்.

வீடில்லாதவர்கள் என்று நான் பன்மையில் பேசினாலும், எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். சாவகச்சேரிச் சந்தைக்குப் பக்கத்தில், மூடிக் கிடக்கும் ஒரு கடைவாசலில் படுப்பவர். அறுபது வயதைத் தாண்டியவர். இரத்தத்தில் சீனி வருத்தம், வலது கால் பெருவிரலில் ஆறாத புண். மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகவேண்டும், இடையிடையே மருந்து கட்டவேண்டும். கிளினிக்கில் கொடுத்த கொப்பி என்கிற சின்னக் குறிப்பேட்டில்தான் அவருடைய இலக்கமும் மருந்து விபரமும் இருந்தன.

வெளியில் படுப்பவரின் பை மழையில் நனையும், இல்லையென்றால் களவு போகும். அதனால் அவர் ஒன்றையும் தன்னோடு வைத்திருப்பதில்லை. கொப்பி தேத்தண்ணிக்கடை அக்காவிடம். அடையாள அட்டையின் பிரதி தையற்கடையில். மாத்திரைகள் பழக்கடையில், வெயில் படாத மூலையில். மாற்றிக் கட்டும் சாரம் சலூனில். யாரும் தொலைபேசி எண் கேட்டால் சைக்கிள் கடைக்காரரின் எண்ணைச் சொல்வார். கிளினிக் நாள் காலையில் அக்கா தேத்தண்ணியோடு கொப்பியையும் நீட்டுவார்.

இதையெல்லாம் நான் என் கண்ணால் பார்த்தேன். பாவம், மனுசனின் ஆவணங்கள் இப்படிச் சிதறிக் கிடக்கின்றனவே என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒரு சனிக்கிழமை போய், எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணித் தருவதாகச் சொல்லிக் கொப்பியையும் பிரதியையும் வாங்கினேன். அவர் தலையாட்டினார். அக்காவுக்குத்தான் மனமில்லை.

"புதன்கிழமை கிளினிக், தம்பி."

"நாளைக்கே கொண்டு வாறன் அக்கா."

அங்கேயே தொலைபேசியில் படமெடுத்திருக்கலாம். நிழல் விழுந்தது, எனக்கு வடிவாக வரவேண்டும். வீட்டில் பத்து நிமிடத்தில் ஸ்கான் முடிந்தது. பிறகுதான் சிக்கல். இப்படி ஆவணங்களைப் பகிர்ந்துவைக்க நான் எழுதிக்கொண்டிருந்த செயலியைத் திறப்பதற்கு ஒருவர் கடவுச்சொல்லாகப் பன்னிரண்டு சொற்களை யாருக்கும் காட்டாமல் எழுதிவைத்திருக்க வேண்டும். கடைவாசலில் படுப்பவர் அந்தத் தாளை எங்கே ஒளிப்பார்? இந்தக் கேள்வியில் மூன்று நாட்கள் போயின. அரை நாள் பொத்தானுக்கு நிறம் தேடுவதில் போனது.

புதன்கிழமை ஒரு காணொளிக் கூட்டம். முன்பின் தெரியாத முப்பது பேருக்கு, "எதையும் ஒரே இடத்தில் குவிக்கக்கூடாது" என்று உருக்கமாகப் பேசினேன். அந்த நேரம் கொப்பியும் பிரதியும் என் மேசை லாச்சியில் கிடந்தன.

அன்று அவர் வெறுங்கையோடு கிளினிக்குக்கு நடந்திருக்கிறார். அங்கிருந்தவர்கள் பெயரை வைத்துத் தேடிப்பார்த்தார்களாம். அதே பெயரில் பலர். மத்தியானம் வரை இருந்துவிட்டு நொண்டிக்கொண்டு திரும்பியிருக்கிறார். கொப்பியில்லாமல் இன்னொருதரம் போக வெட்கப்பட்டு, மருந்து கட்டவும் போகவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. கடைக்காரர்கள் ஐந்து பேரின் எண்களையும் செயலிக்கென்று வாங்கிய நான், என் எண்ணை ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை கொப்பியும் பிரதியுமாக நான் சிரித்துக்கொண்டு போய் இறங்கினேன்.

"எல்லாத்தையும் ஒண்டாக் கொண்டுபோய் உங்கடை வீட்டிலை வைச்சிட்டியள். மனுசன் என்ன செய்யிறது?" என்றார் அக்கா. நான் ஒரு வருடமாக மேடை போட்டுச் சொன்னதை அவர் இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டார்.

கடைவாசலில் இருந்தவருடைய காலைப் பார்த்ததும் சிரிப்புப் போய்விட்டது. பாதம் வீங்கியிருந்தது; கெட்ட மணம் வந்தது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கால் தப்புமா என்பதை இரண்டு நாள் பார்த்துத்தான் சொல்லலாம் என்றார்கள். கடைசியில் கால் தப்பியது. பெருவிரலை எடுத்துவிட்டார்கள்.

புண் முன்னமே முற்றியிருந்தது என்றார் வைத்தியர். அதை அப்படியே பிடித்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் இரண்டு மூன்று நாள் முந்தி வந்திருந்தால் விரலைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றும் அவரே சொன்னார். வெளியே வந்து, ஓட்டோக்களுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

செயலியை மூடிவிட்டேன். கொப்பியின் முதல் பக்கத்தைத் தொலைபேசியில் படமெடுத்து, கொப்பிக்குரியவரிடம் கேட்டுக்கொண்டு, ஐந்து கடைக்காரர்களுக்கும் அனுப்பினேன். படத்தில் என் கைநிழல் விழுந்திருக்கிறது. இலக்கம் தெளிவாகத் தெரிகிறது. இனிக் கொப்பி தொலைந்தாலும் இலக்கம் ஐந்து இடத்தில் இருக்கும். என் எண்ணையும் கொடுத்தேன்.

"இதை முதல்லையே செய்திருக்கலாமே," என்றார் அக்கா.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அவரை வெளியே விட்ட அன்று அவரைச் சந்தைக்குக் கூட்டிவந்தேன். அவர் ஒவ்வொரு கடையாக நின்று, கொப்பியை அக்காவிடமும், புது மாத்திரைகளைப் பழக்கடையிலும், பிரதியைத் தையற்கடையிலும் கொடுத்தார். நான் பின்னாலேயே போனேன். எல்லாம் முடிந்ததும் கேட்டேன்.

"ஐயா, என்னட்டையும் ஏதாவது ஒண்டு தந்து வைப்பியளோ?"

அவர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த பையைப் பார்த்தார். கட்டுப் போட்ட காலுக்கு உதவாத வலது செருப்பை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்கோ தம்பி. உது இப்ப இல்லாட்டிலும் பரவாயில்லை."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.